துறைமுகத்துக்கு வந்த எருதுமுதுகுக் குன்று

எருதுமுதுகுக் குன்று கொரியாவின் தலைநகரான ஹன்யாங்கை விட்டுக் கிளம்பி ஜெமுல்போ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது நாற்று நடவு முடிந்த வாரத்தில், கடல் வற்றிக் கிடந்த ஒரு காலைப்பொழுதில். மாட்டுவண்டிகள் வருகிற அதே பாதையில்தான் வந்தது. வழியில் இருந்த வயல்காரர்களைப் பிற்பாடு விசாரித்தபோது, ஆமாம், போயிற்று, முதலில் இருட்டிக்கொண்டு வரவும் மழை என்று நினைத்து வைக்கோலை மூடினோம், அப்புறம் பைன் மர வாசனை வந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தால் குன்று, நாற்றை மிதிக்காமல் ஓரமாகத்தான் போயிற்று, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றார்கள். ஹான் ஆற்றுத் துறையின் ஓடக்காரன் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கலோடு பேசினான். வண்டிகளெல்லாம் வரிசையில் நின்றபோது குன்றும் வரிசையின் கடைசியில் வந்து நின்றதாகவும், தன் முறை வந்ததும் ஓடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தானே ஆற்றில் இறங்கிக் கடந்துவிட்டதாகவும், ஏற்றிக்கொள் என்று கேட்டிருந்தால் நான் என்ன முடியாது என்றா சொல்லியிருப்பேன் என்றும் அவன் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெமுல்போ திறந்து அதிக வருஷம் ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்பு அங்கே இருந்ததெல்லாம் சேறும், சேற்றோரத்தில் சில மீனவக் குடிசைகளும், நாளுக்கு இரண்டு முறை கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற கடலும்தான். அந்நியக் கப்பல்கள் வரலாம் என்று அரண்மனை ஒப்புக்கொண்ட பிறகு புகைக்கப்பல் வந்தது, கண்ணாடி ஜன்னல் வந்தது, உரசினால் பற்றிக்கொள்ளும் குச்சி வந்தது, செம்பட்டைத் தாடிக்காரர்கள் வந்து பெரியவர்களாக இருந்தும் மாட்டுப்பால் குடித்தார்கள். இத்தனையையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்ட ஊருக்கு ஆச்சரியப்படுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஆகவே குன்று வந்து நின்றபோது அது எங்கே உட்காரும் என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தது. சுங்கக் கொட்டகைக்குப் பின்னால், சீனக் கடைத்தெருவுக்கும் ஜப்பானியக் கடைத்தெருவுக்கும் நடுவே காலியிடம் இருந்தது. அதன் மூலையில் உப்பு விற்கிறவன் ஒருவனின் குடிசை. ஆட்கள் சேர்ந்து அந்தக் குடிசையைத் தூக்கித் தள்ளி வைக்கிற வரைக்கும் குன்று காத்திருந்தது. பிறகு எருது படுப்பதைப்போல முன்பக்கத்தை முதலில் இறக்கி, பின்பக்கத்தை மெதுவாக இறக்கி, ஒரு பெருமூச்சுக் காற்றை விட்டு உட்கார்ந்தது. சீனத்தெருவில் சில தட்டுகள் உடைந்தன. வேறு சேதமில்லை.

அடுத்த சில நாட்களிலேயே குன்று ஊரோடு ஊராகிவிட்டது. பெண்கள் கூடைகளோடு போய் அடுப்புக்குக் காய்ந்த பைன் ஊசிகளையும் குழம்புக்குக் காளானையும் கொண்டுவந்தார்கள். ஷான்டோங்கிலிருந்து வந்திருந்த சீனக் காய்கறிக்காரர் யாரையும் கேட்காமல் தென்சரிவில் படிப்படியாக வெட்டி முட்டைக்கோஸ் நட்டுவிட்டார். ஜப்பானியக் கடைக்காரர் ஒருவர் உச்சியில் ஒரு பெஞ்சைப் போட்டுத் தேநீர் விற்றார். கப்பல் தலைவர்கள் வரைபடத்தில் ஒரு சின்ன முக்கோணம் வரைந்துகொண்டார்கள். குன்று வெளிநாட்டார் குடியிருப்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைப் பேசத் தூதர்கள் கூடினார்கள், சாப்பிட்டார்கள், மறுபடியும் கூடுவதாகப் பிரிந்தார்கள். சுங்க அதிகாரி, கப்பலில் வந்திருந்தால்தான் தன் வேலை, நடந்து வந்ததற்குத் தன்னிடம் விதி இல்லை என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாகக் குன்றில் ஒரு ஊற்று இருந்தது. ஜெமுல்போக் கிணறுகள் எல்லாம் உவர்ப்பு. அதுவரை நல்ல தண்ணீரில் சோறு பொங்கியே அறியாத அந்த ஊர், இந்தக் குன்றை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பேசாமலே முடிவு செய்துவிட்டது.

ஊரில் குன்றின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் புன்னே ஒருத்திதான்.

புன்னே துணி வெளுக்கிறவள். கப்பல்காரர்களின் சட்டைகளையும் உள்ளாடைகளையும் வாங்கி வந்து துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுப்பாள். அவள் புருஷன் கில்போ சுமைதூக்கி. ஜிகே என்று சொல்லும் மரச்சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் நடந்து போய்ப் படகுகளிலிருந்து மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவருவான். இரண்டு பேரும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஜெமுல்போவில் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள்.

ஊற்றுத் தண்ணீரில் சோப்பு நுரை தள்ளுகிறது என்று மற்ற வண்ணார வீட்டுப் பெண்கள் எல்லாம் குன்றுக்குப் போனபோது, புன்னே மட்டும் பழைய உவர்க்கிணற்றிலேயே நின்று துணியோடு மல்லுக்கட்டினாள். ஏன் என்று கேட்டவர்களிடம் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். வயிற்றில் பிள்ளை இருந்ததால் நம்பினார்கள். உண்மை என்னவென்றால் அந்த ஊற்று கிழக்குச் சரிவில் ஒரு வளைந்த பைன் மரத்துக்குக் கீழே இருந்த புல்மேட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அந்தப் புல்மேட்டுக்குள் இருந்தது அவளுடைய முதல் புருஷன். தன் முதல் புருஷன் காலைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீரில் மாலுமிகளின் உள்ளாடையை அலச அவளுக்குக் கை வரவில்லை.

குன்று வந்த அன்றைக்கே அவள் அதைக் கண்டுகொண்டாள். கயிற்றில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். சாயங்காலம் கில்போ வந்து சட்டத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அது அவங்க குன்றுதானே?"

"ஆமா."

"அவரும் அதுல இருக்காரா?"

"கிழக்குச் சரிவுல. வளைஞ்ச மரத்துக்குக் கீழே."

கில்போ கொஞ்ச நேரம் குன்றையே பார்த்தான். "சரி, சாப்பிட்டியா?" என்றான்.

அவன் அப்படித்தான். அவளுடைய முதல் புருஷன் வீடான யூன் குடும்பம் ஹன்யாங்கின் மேற்கு வாசலுக்கு வெளியே எருதுமுதுகுக் குன்றின் அடிவாரத்தில் இருந்த பழைய குலத்துக் குடும்பம். சோறில்லாவிட்டாலும் குதிரைமுடித் தொப்பி இல்லாமல் வெளியே வராதவர்கள். புன்னே வாழ்க்கைப்பட்டது சின்ன யூனுக்கு. அவர் அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருந்தார், தவறிக்கொண்டே இருந்தார், அப்புறம் இருமிக்கொண்டே இருந்து இறந்துபோனார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சத்தமாகப் படிப்பது உனக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டார், இல்லை என்றாள். அவர்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுதான். குலத்துப் பெண் விதவையானால் அந்த வீட்டிலேயே வெள்ளை உடுத்தி முடிந்துபோக வேண்டும், இன்னொரு கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அவள் முடிந்துபோகவில்லை. விறகு கொண்டுவந்து போட்ட கில்போவோடு ஒரு விடிகாலையில் வந்துவிட்டாள். பாதி வழியில் அவள் கால் வீங்கிவிட, மீதி வழிக்கு அவன் அவளை ஜிகேயில் உட்காரவைத்துத் தூக்கி வந்தான். எதிரே வந்தவர்கள் நெல்மூட்டைக்கு வழிவிடுவதைப்போல வழிவிட்டார்கள்.

இப்போது அவளைத் தேடி ஒரு குன்றே வந்திருக்கிறது. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அதனால்தான் மறுநாள் காலையில் துணியை ஊறப்போட்டுவிட்டு ஒரே ஒருமுறை அரிவாளோடு ஏறிப்போனாள். கல்லறைப் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. வெட்டிச் சீராக்கி, கும்பிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்தப் பக்கம் போகவில்லை.

பெரிய யூன், அதாவது செத்தவரின் அண்ணன், குன்றுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர். ஆனால் குன்று மாட்டுவண்டி வேகத்தில் நடக்கக்கூடியது, குலத்து ஆண் தெருவில் வேகமாக நடக்கக்கூடாது. அதனால் குன்று வந்து வெகுநாள் கழித்துத்தான் அவரால் வந்து சேர முடிந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தூசியைத் தட்டிக்கொண்டு, யாரிடமும் வழி கேட்காமல் நேரே மேலே ஏறினார். தாத்தாவைக் கும்பிட்டார், அப்பாவைக் கும்பிட்டார், தம்பியிடம் வந்ததும் நின்றுவிட்டார். மற்றக் கல்லறைகளில் எல்லாம் புல் மண்டிக் கிடக்க, தம்பி கல்லறையில் மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். அவர் அங்கேயே ஒரு பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தேநீர்க்கடைக்காரர் சொல்லி ஊருக்கெல்லாம் தெரிந்தது. கில்போ அன்று மாலை ஒரு கிண்ணம் சோற்றையும் பொரித்த மீனையும் சட்டத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

"எதுக்கு நீங்க போறீங்க?" என்றாள் புன்னே.

"பட்டினி கிடக்கிறாரே."

"என்னை இழுத்துட்டுப் போக வந்திருக்கிறவருங்க அவரு."

"இருக்கட்டும். இழுக்கிறதுக்கும் தெம்பு வேணுமே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெரிய யூன் சுமைதூக்கியின் சோற்றை வேண்டாம் என்று தள்ளிவைத்தார். கில்போ அதைக் கல்லறைக்கு முன்னால் படையலாக வைத்துக் கும்பிட்டான். படைத்த சோற்றைக் குடும்பத்தார் சாப்பிடுவது முறை என்பதால் பெரிய யூன் சாப்பிட்டார். அன்று தொடங்கி அது தினமும் அப்படியே நடந்தது; இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

இதற்குள் ஹன்யாங்கில் பேச்சு பெரிதாகியிருந்தது. குன்று இருந்த இடம் ஈரமான வெட்டவெளியாகக் கிடந்தது. அங்கிருந்த வீடுகளுக்கு முதல்முறையாகச் சாயங்கால வெயில் வந்து, துணி சீக்கிரம் காய்ந்தது. குன்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக முகம் பார்க்காமல் வாழ்ந்துவந்த இரண்டு சம்பந்திகள் இப்போது காலையில் வாசல் திறந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருந்தது. மலையையும் மண்ணையும் வைத்து நிலக்குறி பார்க்கிறவர்கள், தலைநகரின் வலது விலா திறந்துகொண்டது, இனிக் காற்று அரண்மனைக்குள் நேரே வீசும் என்றார்கள். அரண்மனை, ஹாங் என்ற அதிகாரியையும் ஒரு நிலக்குறிக்காரரையும் அனுப்பிக் குன்றைத் திரும்ப அழைத்து வரச் சொன்னது.

நிலக்குறிக்காரர் குன்றைச் சுற்றிவந்து, மண்ணை நக்கிப் பார்த்து, இது யாரோ ஒரு ஆளுக்காக வந்திருக்கிறது, அந்த ஆள் கிளம்பினால் இதுவும் கிளம்பும் என்றார். ஹாங் அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்காக வந்ததோ அவர் முன்னால் வரலாம் என்று அறிவித்தார்.

ஊரே முன்னால் வந்தது. காய்கறிக்காரர், ஷான்டோங்கில் தன் நிலம் மேட்டில்தான் இருந்தது என்றும், அதை நினைத்துத் தான் அழுததைக் கேட்டுத்தான் குன்று வந்தது என்றும், ஆனால் முட்டைக்கோஸ் முற்றும்வரை தான் எங்கும் வருவதாக இல்லை என்றும் சொன்னார். சத்திரக்காரி, எனக்கு முட்டிவலி, குன்று எனக்காக வந்திருந்தால் இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், இருந்தாலும் வேறு யாரும் இல்லையென்றால் என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நானும் நகர முடியாது என்றாள். வேதக்காரப் பாதிரியார் ஒருவர், விசுவாசம் இருந்தால் மலையும் நகரும் என்று தங்கள் வேதத்தில் முன்பே சொல்லியிருப்பதுதான், தன் சபையில் இருப்பவர்களில் யார் அப்படிப்பட்ட பக்தர் என்றுதான் தனக்குப் புரியவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். தூதர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக் குடிமகனுக்காகத்தான் வந்தது என்றார்கள். எல்லோரும் சொன்னதில் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: யாரும் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். ஹாங் நிதானமானவர். ஊற்றுத் தண்ணீரில் போட்ட தேநீர் அவருக்குப் பிடித்திருந்தது. விசாரணை கோடை முழுக்க நடந்தது.

புன்னே மட்டும் போகவில்லை. வயிறு பெரிதாகப் பெரிதாக அவள் பயமும் பெரிதானது. கிணற்றடியில் குனிந்தால் முதுகில் குன்று பார்ப்பதைப்போல இருந்தது. நிமிர்ந்தால் வளைந்த மரத்தின் உச்சி கூரைகளுக்கு மேலே தெரிந்தது. கடைசியில் தாங்க முடியாமல், ஒரு மத்தியானம் அவளே ஏறிப்போனாள்.

பெரிய யூன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் திறக்காமலே கேட்டார்.

"தம்பி பொஞ்சாதியா?"

"ஆமாங்க, மூத்தவரே."

அவர் கண்ணைத் திறந்து அவள் வயிற்றைப் பார்த்தார், பிறகு மரியாதைக்காகக் கடலைப் பார்த்தார்.

"சோறு கொண்டுவர்றவன்தானா?"

"ஆமாங்க."

"மீன் நல்லா இருக்கு," என்றார். "நான் உன்னைத் திட்ட வரலை. அன்னைக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வீடு லேசா ஆடுச்சு. வெளியே வந்து பார்த்தா எங்கப்பா போறாரு, எங்க தாத்தா போறாரு, தம்பி போறான். என் வீட்டு ஜனம் மொத்தமும் அந்தக் குன்றுல போகுது. நான் ஒருத்தன்தான் தரையில மிச்சம். அந்த வீட்டுல இப்ப ஜன்னலைத் திறந்தா வெறும் வெயில். என்னால அங்க இருக்க முடியாது."

"அதுக்கு நான் என்ன செய்யணும், மூத்தவரே?"

"நீ முன்னால நட. உன் பின்னால அவன் வருவான். அவன் பின்னால நான் வர்றேன். ஹன்யாங் வரைக்கும் வந்தாப் போதும். நீ யாருன்னு நான் அந்த அதிகாரிகிட்ட இதுவரைக்கும் சொல்லலை. அறுவடைப் பௌர்ணமிக்குள்ள நீயா முடிவு சொல்லு. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அவள் கீழே வந்து கில்போவிடம் சொன்னாள். அன்று மாலை கில்போ சோற்றை வைத்துக் கும்பிட்டுவிட்டு, முதல்முறையாகப் பெரிய யூனிடம் வாய் திறந்தான்.

"ஐயா, ஒரு யோசனை. எலும்பு அதிகம் கனக்காதுங்க. உங்க தம்பியை நான் என் சட்டத்துல வெச்சு ஹன்யாங் கொண்டுபோய்ச் சேர்த்துடறேன். அப்புறம் திரும்பி வந்து உங்க அப்பாவை. அப்புறம் தாத்தாவை. தடவைக்கு ஒருத்தர். பத்திரமாக் கொண்டுபோவேன். கண்ணாடிச் சாமானெல்லாம் தூக்கியிருக்கேன்."

பெரிய யூனின் தொப்பி நடுங்கியது. ஒரு சுமைதூக்கி தன் அப்பாவைத் தொடுவதா என்ற கோபத்தில் அவர் எழுந்துவிட்டார். பிறகு எதிரில் நிற்பவன் கேலி செய்யவில்லை, பாதையில் மேடு எங்கே, இறக்கம் எங்கே என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கே கொண்டுபோய் எங்கேடா புதைப்ப? குன்றுதான் இங்கே இருக்கே."

கில்போ அதை யோசித்திருக்கவில்லை. "அதுவும் சரிதாங்க," என்று சட்டத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அறுவடைப் பௌர்ணமி நாள் வந்தது. செத்தவர்களுக்குப் புது அரிசிப் பலகாரமும் சாராயமும் படைக்கிற நாள். காலையில் புன்னே கழுவிய கூந்தலோடு, கையில் படையலோடு ஏறினாள். கில்போ பின்னால் வந்தான். பெரிய யூன் மூன்று கல்லறைகளையும் சுத்தம் செய்து காத்திருந்தார். அவள் சாராயம் ஊற்றிப் படைத்துவிட்டு, வயிறு இடிக்க மண்டியிட்டு, புல்மேட்டைப் பார்த்துப் பேசினாள். தன் வாழ்நாளில் அவரிடம் அவள் அவ்வளவு பேசியதே இல்லை.

"நீங்க வந்திருக்கீங்க. பார்த்தேன். புல்லு வெட்டினேன். ஆனா நான் வர மாட்டேங்க. இவரு கூட இருக்கேன். இவரு என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கறாரு. இந்தப் பிள்ளை இங்கதான் பொறக்கும். நீங்க இங்க இருந்தா வருஷா வருஷம் புல்லு வெட்டுவேன், பலகாரம் வைப்பேன். போனாக் கும்பிட்டு அனுப்பறேன். என்னைக் கூப்பிடாதீங்க." பிறகு பெரிய யூன் பக்கம் திரும்பி, "மூத்தவரே, நீங்க அதிகாரிகிட்டச் சொல்றதா இருந்தாச் சொல்லிக்கங்க," என்றாள்.

பெரிய யூன் கிண்ணத்திலிருந்த சாராயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க இறங்குங்க. நான் குடிச்சு முடிச்சுட்டு வர்றேன்," என்றார்.

அவர்கள் அடிவாரத்தை அடைந்ததும் குன்று எழுந்தது.

முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, எருது எழுவதைப்போல. ஹாங் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். தேநீர்க்கடைக்காரர் கெட்டிலோடு குதித்து இறங்கினார். காய்கறிக்காரர் கீழே இருந்தவர், முட்டைக்கோஸ் முற்றுகிற நேரத்தில் என்னால் விட முடியாது என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தென்சரிவில் தொற்றி ஏறிக்கொண்டார். எல்லோரும் ஓட, புன்னே மட்டும் ஓடவில்லை. கில்போ கையைப் பிடித்து இழுத்தான், அவள் அசையவில்லை. வந்தால் வரட்டும், மிதித்தால் மிதிக்கட்டும் என்று வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

குன்று அவளை நோக்கி வந்தது. அதன் நிழல் அவள் மேல் விழுந்தது. பைன் வாசனையும் ஈரமண் வாசனையும் மூச்சை அடைத்தன. வளைந்த மரத்தின் ஒரு கிளை அவள் தலைக்கு மேலே, கைநீட்டினால் எட்டும் உயரத்தில் வந்தது. வந்து, நிற்காமல் போயிற்று. நிழல் விலகி அவள் முகத்தில் வெயில் பட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். குன்று ஹன்யாங் பாதைப் பக்கம் திரும்பவில்லை. சுங்கக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, படகுத்துறையைத் தாண்டி, கடல் வற்றிய சேற்றில் இறங்கி, சாய்ந்து கிடந்த படகுகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, மேற்கே நடந்துகொண்டிருந்தது.

அதுவரை அது உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நங்கூரமிட்டிருந்த கப்பல்கள், புறப்படுகிற கப்பலுக்கு மரியாதை செய்வதைப்போல, கொடி இறக்கி ஏற்றின. கிழக்குச் சரிவில், கையில் கிண்ணத்தோடு, தொப்பி நேராக இருக்க, பெரிய யூன் நிற்பது கரையிலிருந்து தெரிந்தது. அவர் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. வெகுகாலம் கழித்துச் சொந்த வீட்டுக் கூடத்தில் நிற்கிறவர் மாதிரி நின்றார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குன்றின் அடியைத் தொட்டது, அப்புறம் முட்டைக்கோஸ் பாத்திகளுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. மத்தியானத்துக்குள் அது மற்றத் தீவுகளில் ஒன்றுபோலாகி, சாயங்காலத்துக்குள் எதுவென்று தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் புன்னே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னைத் தேடி வரலை," என்றாள்.

"ஆமா," என்றான் கில்போ.

"நான் பாட்டுக்கு ஒரு கோடை முழுக்கச் செத்துப் பொழச்சேன். அவரு வேற எங்கேயோ போறதுக்கு வந்திருக்காரு."

"நல்லதுதானே புள்ள?"

"நல்லதுதான்." அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். "கடலைப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. ஒரு வார்த்தை. இல்லே, அவரு தாத்தாவுக்குத்தான் போகணும்னு இருந்துச்சோ என்னவோ. இருந்தாலும், பக்கத்துல வந்தப்ப ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். சின்ன யூன் செத்தபோது குலத்து வழக்கப்படி, நேரம் பார்த்து அழுதவள் இப்போது மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். தான் இதற்குப் பொறாமைப்பட வேண்டுமா வேண்டாமா என்று கில்போவுக்குத் தெரியவில்லை. தெரியாததால் எழுந்து சோறு பொங்கினான்.

ஹாங் ஹன்யாங்குக்குத் திரும்பிப்போய், குன்று நாட்டை விட்டே போய்விட்டது, ஆகவே இது இனி வெளியுறவு சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்ல, அரண்மனையில் வேறு கவலைகள் இருந்ததால் அதோடு விட்டுவிட்டார்கள். மேற்கு வாசலுக்கு வெளியே இருந்த வெட்டவெளியில் சந்தை கூடத் தொடங்கியது. அந்தச் சம்பந்திகள் சமாதானமாகிவிட்டார்கள் என்றும், மறுபடி சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வந்த ஒரு கப்பல் தலைவர், தெற்கே வெகுதூரத்தில் நடுக்கடலில் ஒரு குன்றைத் தாண்டி வந்ததாகவும், அதில் கறுப்புத் தொப்பி வைத்த ஒரு பெரியவரும் இன்னொரு ஆளும் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்ததாகவும், தான் ஊதல் ஊதியபோது பெரியவர் முறைப்படி குனிந்து வணக்கம் சொன்னதாகவும் சொன்னார். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாதே, எப்படிக் காலம் தள்ளுகிறார்களோ என்று சத்திரக்காரிக்குத்தான் கவலை.

ஜெமுல்போவில் குன்று உட்கார்ந்திருந்த இடம் அமுங்கிப் பெரிய பள்ளமாகியிருந்தது. ஊற்று குன்றோடு போயிருக்கும் என்று ஊர் துக்கப்பட்டது. ஆனால் பனி உருகியதும் பள்ளத்தில் தண்ணீர் சுரந்து, வசந்தத்துக்குள் குளமாகி, வாயில் வைத்துப் பார்த்தால் நல்ல தண்ணீராகவே இருந்தது. துணி வெளுக்கிறவர்கள் கரையில் கற்களைப் போட்டுக்கொண்டார்கள். புன்னேயும் முதுகில் மகளைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தாள். பக்கத்துக் கல்லில் புதிதாக ஊருக்கு வந்த ஒருத்தி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊர் வழக்கம் தெரியாதவள்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு அக்கா?" என்று கேட்டாள்.

துவைக்கிற கட்டைகளின் சத்தம் சட்டென்று நின்றது. மற்றப் பெண்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"நான் ஹன்யாங் யூன் வீட்டு மருமக," என்றாள் புன்னே. அவ்வளவு சத்தமாக அவள் அதை எங்கேயும் சொன்னதில்லை. "எம் மொதப் புருஷன் செத்துட்டாரு. அந்தக் குன்றுல போனாரே, அவருதான். அந்த வீட்டை விட்டு ஓடி வந்துட்டேன். இது சுமைதூக்குற கில்போவுக்குப் பொறந்த பொண்ணு."

முதுகில் இருந்த குழந்தை தும்மியது.

"ஓ," என்றாள் எதிர்க்கல்லில் இருந்த இன்னொருத்தி, ஈரக்கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு. "நான் எம் மாமியாரை அடிச்சுட்டு வந்துட்டேன். அந்தச் சோப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளு."